நாள்தோறும் ஒரு கல்

திருச்சிற்றம்பலம்.

மெய்யன்பர்களே! தாய்மார்களே! மார்கழித் திருவாதிரைப் பெருவிழாவின் பொருட்டு இங்குக் கூடியிருக்கும் மடத்துக்குளத்துப் பெருமக்களே!

விழாக் குழுவினர் அடியேனுக்கு இட்ட தலைப்பு, 'வாழ்வில் வெற்றி பெற வழி' என்பது. இத்தலைப்பைக் கேட்டவுடன், "இது கோயில் மேடையில் பேசும் பொருளா?" எனச் சிலர் ஐயுறக்கூடும். வெற்றி என்றால் பொருள், பதவி, புகழ் என்றே இன்று பலரும் எண்ணுகின்றனர். அடியார்களோ அவற்றைத் துறந்தவர்கள் அல்லரோ என்று வினவலாம். ஆனால், சேக்கிழார் பெருமான் அருளிச் செய்த திருத்தொண்டர் புராணத்தை ஒருமுறை ஊன்றிப் படித்துப் பாருங்கள். அங்கே வேடர் இருக்கிறார், வணிகர் இருக்கிறார், குயவர் இருக்கிறார், வலைஞர் இருக்கிறார், அரசரும் இருக்கிறார். எடுத்த காரியத்தை விடாமல் நாள்தோறும் செய்து முடித்தது அவருள் பலரையும் இணைக்கும் ஒரு பண்பு. ஆகவே இத்தலைப்புக்கு விடை தேட நாம் அயலூர் செல்ல வேண்டியதில்லை.

இத்தலைப்பைக் கேட்டதும் அடியேனுக்கு ஓர் இளைஞர் நினைவுக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு சொற்பொழிவு முடிந்து, மேடையை விட்டு இறங்கும் வேளையில் அவர் வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை. அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை ஊருக்கு வந்து போகிறவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க ஐயா, எட்டு வருடமாகத் தைக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறேன். திங்கட்கிழமை கையில் ஒன்றும் இல்லை. வெற்றி பெற்றவர்களின் பேச்சுகளைக் கைப்பேசியில் தினமும் கேட்கிறேன். கேட்கிற வரைக்கும் நெஞ்சில் நெருப்பாக இருக்கிறது. மறுநாள் காலையில் சாம்பல்தான் மிஞ்சுகிறது. எத்தனையோ முறை தொடங்கினேன், எதையும் முடித்ததில்லை. எனக்கு ஏதாவது ஒரு மந்திரம் சொல்லுங்கள்."

அன்பர்களே! இவர் சோம்பேறி அல்லர். நாளெல்லாம் எந்திரத்தின் முன் குனிந்து உழைப்பவர். உழைப்பு இருந்தும் உயர்வு இல்லை. ஆர்வம் இருந்தும் நிலைப்பு இல்லை. இதுதான் அவர் நோய். இந்நோய் அவர் ஒருவருக்கு மட்டுமா? நம்மில் எத்தனை பேர் ஆண்டுப் பிறப்பன்று ஒன்றைத் தொடங்கி, ஆடி மாதத்திற்குள் மறந்து விடுகிறோம்! அன்று அவருக்கு அடியேன் சொன்னது சாக்கிய நாயனார் வரலாறு. அதனையே இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன்.

சங்கமங்கை என்னும் ஊரிலே வேளாளர் குலத்தில் தோன்றியவர் சாக்கியர். பிறவித் துன்பத்தினின்று விடுபடும் வழியை அறிய விழைந்து, காஞ்சிமாநகரம் சென்று, அங்கே புத்த நெறியை மேற்கொண்டு பயின்றார். பின்னர்ச் சிவநெறியே மெய்ந்நெறி என்னும் தெளிவு அவருள்ளத்தில் உண்டாயிற்று. ஆயினும், எந்தக் கோலத்தில் நின்றால் என்ன, இறைவன் திருவடியை மறவாதிருப்பதே பொருள் எனக் கருதி, தாம் கொண்ட வேடத்தை மாற்றாமலே சிவபெருமானை உள்ளத்தில் வைத்துப் போற்றி வந்தார்.

ஒருநாள் வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத் திருமேனியைக் கண்டார். கண்டதும் களிப்பு மேலிட்டது. என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் மலர் இல்லை, நீர் இல்லை. அருகே கிடந்தது ஒரு கல். அதனை எடுத்து அன்பினால் எறிந்தார். குழந்தை தன் பிஞ்சுக் கையால் தந்தையை அடித்தால் தந்தை சினப்பாரோ? இறைவன் அதனை மலராகவே ஏற்றுக் கொண்டான். மறுநாள் அவ்வழியே வந்த நாயனார், "நேற்று எனக்கு இவ்வெண்ணம் வந்ததும் பெருமான் திருவருளே" என்று தெளிந்து, இனி நாள்தோறும் ஒரு கல் எறிந்த பின்னரே உணவு கொள்வது எனத் துணிந்தார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இத்துணிவிலே மூன்று நுட்பங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, அளவு. நூறு கல் எறிவேன் என்று அவர் சொல்லவில்லை, ஒரு கல். மழை பெய்தாலும் ஒரு கல் எறியலாம். உடல் நலிந்தாலும் ஒரு கல் எறியலாம். நாம் செய்வதென்ன? எழுச்சி வந்த நாளில் மலையைத் தூக்கத் துணிகிறோம். எழுச்சி வடிந்த நாளில் கூழாங்கல்லும் கனக்கிறது. எழுச்சி வந்த நாளை வைத்து நோன்பின் அளவைக் குறிக்கலாகாது. சோர்ந்த நாளை வைத்தே குறிக்க வேண்டும்.

இரண்டாவது, கருவி. பொற்பூக் கிடைக்கட்டும், பின்னர்ப் பூசிப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை. அங்கே கிடந்தது கல். அதுவே அவருக்குப் பூசைப் பொருள். "வேறு வேலை கிடைத்தால் சேமிப்பேன், சொந்த வீடு கட்டிய பிறகு படிப்பேன்" என்று நாளைத் தள்ளுகிறவர்களுக்கு இது மருந்து.

மூன்றாவது, இடம். உண்பதற்கு முன் ஒரு கல் என்று வைத்தார். உணவு நாள்தோறும் வரும். பசி நினைவூட்டத் தவறாது. தவறாமல் வருகின்ற ஒன்றோடு தம் நோன்பைக் கட்டி வைத்தார். பசுவைத் தறியில் கட்டுவதுபோல் என்க. தறி அசையாது, ஆகவே பசுவும் தொலையாது.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. இலண்டன் மாநகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த அறிஞர்கள், 96 பேரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவரவர் ஒரு சிறு நற்பழக்கத்தைத் தேர்ந்து கொண்டு, காலையுணவுக்குப் பின் என்பது போன்ற ஒரே வேளையோடு பிணைத்து, நாள்தோறும் செய்து வர வேண்டும். அது முயற்சியின்றித் தானே நிகழும் இயல்பாக எத்தனை நாள் ஆயிற்று? சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது; சிலருக்கு 254 நாள் வரை ஆகும் எனக் கணக்காயிற்று. நடுவெண்ணாக நின்றது 66 நாள். நம் முன்னோர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என்று வரையறுத்து நோன்பிருக்கச் சொன்னார்கள். இருபத்தொரு நாளில் ஆளே மாறிவிடலாம் என்று கவர்ச்சியாகப் பேசுவாரை நம்பி, இருபத்திரண்டாம் நாள் மாற்றம் காணாமல் மனம் உடைய வேண்டாம். ஒரு மண்டலம் போதவில்லையெனில் இன்னொரு மண்டலம், அவ்வளவே.

பழக்கம் என்பது என்ன? உங்கள் ஊருக்கு உங்கள் ஆற்றையே உவமையாகச் சொல்கிறேன். 1950-களில் அமராவதி அணை எழுவதற்கு முன்னரே, இவ்வாற்றின் நீரைக் குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர் முதலிய ஊர்களின் வயல்களுக்கு இராசவாய்க்கால்கள் கொண்டு சென்றன. ஆற்றிலே வெள்ளம் போவதால் மட்டும் வயல் விளைந்து விடுமோ? வாய்க்கால் வேண்டும். மனத்திலே எழும் ஊக்கம் ஆற்று வெள்ளம் போன்றது, வரும், போகும். பழக்கம் வாய்க்கால் போன்றது. சிறிது நீர் வந்தாலும் அதனைப் பயிருக்குச் சேர்க்கும். வாய்க்கால் இல்லாதவனுக்குப் பெருவெள்ளமும் கடலுக்கே போகும். அந்த இளைஞர் கைப்பேசியில் கேட்ட பேச்செல்லாம் வெள்ளம். அவரிடம் இல்லாதது வாய்க்கால். வெட்டிய வாய்க்காலும் ஆண்டுதோறும் தூர் வாரப்பட வேண்டும் என்பதை உழவர் பெருமக்களாகிய உங்களுக்கு அடியேன் சொல்ல வேண்டியதில்லை.

இனி, சாக்கிய நாயனார் வரலாற்றின் உயிர்நிலைக்கு வருகிறேன். அத்தகைய அடியாரும் ஒருநாள் மறந்து விட்டார்! திருவருளின் செயலாலே கல் எறிவதை மறந்து உண்ண அமர்ந்தார். உண்ணும் வேளையில் நினைவு வந்தது. "ஐயோ! இன்று எம்பெருமானை மறந்தேனே!" என்று பதறி எழுந்தார். உணவைக் கைவிட்டார். ஓடினார். ஒரு கல்லை எடுத்து அன்போடு எறிந்தார். அன்றுதான் பெருமான் விடைமேல் உமையம்மையோடு காட்சி கொடுத்து அவரை ஆட்கொண்டான்.

அன்பர்களே! எத்தனை நாள் தவறாமல் கல் எறிந்தார்! அந்நாள்களிலெல்லாம் வராத காட்சி, மறந்து, நினைந்து, ஓடிவந்த அந்த நாளில் வந்தது. தவறாமை பெரிது, தவறியபின் திரும்பி வருதல் அதனினும் பெரிது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "இன்றைக்குத் தவறிவிட்டது, போகட்டும், நாளை பார்ப்போம்" என்று சோற்றைப் பிசைந்திருப்போம். நாளைக்கு வெட்கம் வரும். நாளை மறுநாள் சாக்கு வரும். பின்னர் மறதி வரும்.

இதனை ஏட்டில் படித்து மட்டும் அடியேன் சொல்லவில்லை. இருபத்துமூன்றாம் வயதிலே, விடியற்காலையில் எழுந்து நீராடி ஒரு பதிகமாவது ஓதிய பின்னரே பிற காரியம் பார்ப்பது என்று என் ஆசிரியர் பெருமான் முன்னிலையில் உறுதி பூண்டேன். ஏறத்தாழ ஓராண்டு தவறாமல் நடந்தது. அப்போது என் தந்தையார் சிவபதம் அடைந்தார். துக்கத்தில் ஓதுவது நின்றது. சடங்குகள் முடிந்தன, ஓதுதல் மட்டும் மீளவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு மாதம் ஓடிற்று. ஆசிரியர் இருக்கும் தெருவைக் கண்டாலே வேறு வழியாகச் சுற்றிச் செல்வேன். மறந்தது ஒரு குற்றம். மறைந்து திரிந்தது அதனினும் பெருங்குற்றம். ஒருநாள் கோயில் வாயிலில் நேருக்கு நேர் அகப்பட்டுக் கொண்டேன். ஏன் விட்டாய் என்று கடிவார் என நடுங்கி நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நாளைக்கு எத்தனை மணிக்கு எழுவாய்?"

அவ்வொரு வினாவிலே என் ஆறு மாதக் குற்றத்தையும் அவர் துடைத்து விட்டார். விட்டுப்போனதற்குக் கணக்கு அவர் கேட்கவில்லை. தொடங்கப் போவதற்கு நேரம் கேட்டார். அடுத்த நாள் எழுந்தேன். அன்று அவர் கடிந்திருந்தால், இன்று உங்கள் முன் நிற்கும் தகுதி எனக்கு வாய்த்திருக்குமோ என்பது ஐயமே. பெற்றோர்களே! உங்கள் மக்கள் தொடங்கியதை விட்டுவிடும்போது, விட்ட நாளைப் பேசாதீர்கள். தொடங்கும் நாளைக் கேளுங்கள். அடியேன் முன்னர்க் குறித்த ஆய்விலும், இடையில் ஒருநாள் தவறியதனால் பழக்கம் உருவாவது பெரிதும் கெட்டுவிடவில்லை என்றே கண்டனர்.

பழக்கத்தைச் சொன்னோம்; மனப்பான்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இம்மாவட்டம் நூலாலும் துணியாலும் வாழ்கின்ற மாவட்டம். ஆகவே இதற்கு நேச நாயனாரை நினைப்பதே பொருத்தம். காம்பீலி என்னும் பழம்பதியிலே நெய்தல் தொழில் செய்தவர் அவர். மனத்தை ஈசன் திருவடியில் வைத்தார்; நாவைத் திருவைந்தெழுத்தில் வைத்தார்; கையைத் தறியில் வைத்தார். அடியார்களுக்கு வேண்டிய உடையும் கீளும் கோவணமும் நெய்து இடையறாது வழங்கினார். தறியை விட்டுவிட்டு அவர் காட்டுக்குப் போகவில்லை. தறியே அவருக்குத் தவச்சாலை ஆயிற்று.

திருப்பூரிலே தைக்கின்ற பனியன் கடல் கடந்து செல்கின்றது. அதனை உடுத்துகிறவர் யாரோ, எந்த நாட்டவரோ! தைத்தவர் முகத்தை அவர் காணப் போவதில்லை. அவரும் இறைவன் உறைகின்ற உடம்பை உடையவரே என்று எண்ணி ஒரு தையலைப் போட்டுப் பாருங்கள். கூலி அதேதான், எந்திரம் அதேதான், ஆயினும் வேலை வேறாகிவிடும். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று போடும் தையல் பிரிந்து போகும், செக்கிங்கில் திரும்பி வரும். "ஒருவன் பார்த்துக் கொண்டிருக்கிறான்" என்று போடும் தையல் நிற்கும். இந்த மனப்பான்மை உடையவர் நாளடைவில் தொழிலில் தேர்ந்தவர் ஆவார். தேர்ந்தவரைத் தொழில் எளிதில் கைவிடாது.

அடுத்து, அந்த இளைஞரின் பணத் துன்பம். அதற்கு அதிபத்த நாயனார் வழி காட்டுகிறார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலே மீன் பிடிக்கும் பரதவர் குலத்தில் தோன்றியவர். வலையில் வரும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவது அவர் நோன்பு. வளம் குன்றி, ஒரு மீனே அகப்பட்ட நாள்களும் வந்தன. அந்த ஒன்றையும் இறைவனுக்கே விட்டார். சுற்றம் பசித்தது, தாமும் மெலிந்தார், நோன்பை மாற்றவில்லை. பின்னர் ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்தது போன்ற மீன் ஒன்று வந்தது. அதனையும் அவ்வாறே கடலில் விட்டார். வறுமையும் அவரை அசைக்கவில்லை. செல்வமும் அவரை அசைக்கவில்லை.

அவருடைய தியாகத்தை நம் உண்டியல் கணக்கோடு ஒப்பிடுவது மடுவை மலையோடு ஒப்பிடுவதாகும். ஆயினும் ஒரு நெறியை நாம் எடுத்துக் கொள்ளலாம். செலவெல்லாம் போக மிஞ்சியதை ஒதுக்குவோம் என்று அவர் இருக்கவில்லை, மிஞ்சினால்தானே ஒதுக்குவதற்கு? சனிக்கிழமை கூலி கைக்கு வந்தவுடன், கடைவீதியில் கால் வைப்பதற்கு முன், ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். சிறிதானாலும் முதலில் எடுக்க வேண்டும். அதிலே ஒரு துளி அறத்துக்கும் இருக்கட்டும். மதுக்கடைக்குப் போகும் வழி சனிக்கிழமை மாலையில் மிக அகலமாகத் தெரியும், தாய்மார்களே! கையில் பணமாக இருப்பது கரையும். முன்னரே ஒதுக்கி வைத்தது நிற்கும்.

"இவ்வளவும் செய்தும் பயன் கண்ணுக்குத் தெரியவில்லையே?" என்பார்க்குத் தண்டியடிகள் இருக்கிறார். திருவாரூரிலே பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். தூர்ந்து குறுகிய திருக்குளத்தைத் தோண்டத் துணிந்தார். குளத்தின் உள்ளே ஒரு தறி, கரையிலே ஒரு தறி. இரண்டுக்கும் இடையே ஒரு கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார். கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டுவார். குளம் எவ்வளவு ஆழமாயிற்று என்று பார்க்க அவருக்குக் கண் இல்லை. அடுத்த கூடைக்கு வழிகாட்டக் கயிறு இருந்தது. பிறர் எள்ளினர், அவர் பணியை விடவில்லை. பின்னர் இறைவன் அவருக்குக் கண்ணையே அருளினான். பயன் தெரியாத காலத்தில் நம்மைக் கொண்டு செல்லும் கயிறுதான் நாள்தோறும் செய்யும் பழக்கம். கண் தெரிகின்ற நாள் வரும்வரை கயிற்றை விடாதிருப்பதே நம் கடமை.

இப்போது, வெற்றி என்பது யாது? விரும்பியதெல்லாம் கிடைப்பது என்று சொன்னால், அது நம் கையில் இல்லை. நூல் விலை ஏறும், வேலை குறையும், மழை பொய்க்கும், நோய் வரும். இவற்றையெல்லாம் நாள்தோறும் காண்கின்ற உங்களிடம், "நினைத்தால் எல்லாம் நடக்கும்" என்று இம்மேடையில் நின்று அடியேன் பொய் சொல்ல மாட்டேன். எது வந்தாலும் நான் செய்ய வேண்டியதை இன்று செய்தேன் என்று இரவிலே திருநீறு அணிந்து நிம்மதியாய்ப் படுக்க முடியுமானால், அதுவே முதல் வெற்றி. ஏனைய வெற்றிகள் வந்தால், அவை தங்குவதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

அந்த இளைஞர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று அவருக்கு மந்திரம் தரவில்லை. "தம்பி, நாளைக் காலை எழுந்தவுடன் ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை சொல். சம்பளம் வாங்கியவுடன், அறைக்குப் போகுமுன், ஒரு தொகையை அஞ்சலகத்தில் போடவென்று எடுத்து வை. இந்த இரண்டு கல் போதும். தவறினால் அன்றைக்கே ஓடி வா" என்றேன். ஓராண்டு கழித்துக் கண்டேன். பெருஞ்செல்வராகி விடவில்லை, பழைய கடன் இன்னும் சிறிது இருந்தது. ஆனால் ஒன்று சொன்னார்: "ஐயா, நடுவில் நான்கு முறை விட்டுவிட்டேன், நான்கு முறையும் திரும்பி வந்துவிட்டேன். இந்த வருடம் தங்கையின் படிப்புக்கு வட்டிக்கு வாங்கவில்லை." அடியேனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்கியர் எறிந்த கல் காஞ்சியிலே விழுந்தது. அதன் அதிர்வு இந்த அமராவதிக் கரையிலும் கேட்கிறது.

அன்பர்களே! இன்று விழா முடிந்து வீடு செல்லும்போது ஒரே ஒரு கல்லைத் தேர்ந்து கொள்ளுங்கள். மாணவர்க்கு அது ஒரு பக்கம் படிப்பதாக இருக்கலாம். முதியவர்க்கு ஒரு பதிகம் ஓதுவதாக இருக்கலாம். இல்லத்தரசியார்க்கு அன்றன்றைய செலவை ஒரு வரியில் எழுதி வைப்பதாக இருக்கலாம். எந்த வேளையில், எதற்கு முன் என்று இன்றிரவே குறித்துக் கொள்ளுங்கள். தவறினால் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். சோற்றை விட்டு எழுந்த சாக்கியரைப்போல் ஓடி வாருங்கள். மார்கழிக் குளிரிலே எழுவதற்கு மனம் இடம் கொடாத நாளில், என் ஆசிரியர் பெருமான் கேட்ட வினாவை அடியேன் உங்களைக் கேட்டதாகக் கொள்ளுங்கள்: நாளைக்கு எத்தனை மணிக்கு எழுவீர்கள்?

அம்பலவாணன் திருவருளால் உங்கள் இல்லங்களில் தொழில் பெருகுக; அமராவதி நிறைக; அன்பு நிலைக்க எனப் பிரார்த்தித்து விடை பெறுகிறேன்.

திருச்சிற்றம்பலம்.